தணல் மையில் இரண்டு பாட்டில்

மார்ச் 3

அக்காவுக்கு,

நலம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டு வருடமாக நான் எழுதவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். அதைப் பேச இந்தக் கடிதம் இல்லை. ஒரு மையைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. மைப் பட்டறையில் பதினெட்டு வருடமாக பாட்டில் நிரப்புகிறவர் என்று எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு மை. தலைமை அதிகாரிக்குப் பச்சை, என்ஜினியருக்கு ஊதா, கணக்கருக்குச் சிவப்பு. மரங்களைப் பார்க்கிற என் நாற்காலிக்கு ஆரஞ்சு. பெயரோ கையெழுத்தோ போடுவதில்லை. ஒரு டிக் போட்டால் போதும், யார் போட்டது என்று நிறம் சொல்லிவிடும்.

பெரிய சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். அதில் நூற்று நாற்பது மரங்கள். நான் நடந்தே போய் ஒவ்வொன்றையும் பார்த்து, நிற்கலாம் என்று பட்டவற்றுக்கு மட்டும் பதிவேட்டில் டிக் போட்டேன். வெட்ட வேண்டியவற்றைக் காலியாக விட்டேன். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அந்த வேலை முடிந்த மறுநாள் எனக்கு ஒரு விபத்து. வலது கால் முறிந்து ஆறு வாரம் விடுப்பில் இருந்தேன்.

அந்த ஆறு வாரமும் என் நாற்காலியில் ஒரு புதிய ஆள் உட்கார்ந்திருந்தான். 'வெட்ட வேண்டியதைக் குறித்துக் கொடு' என்று என்ஜினியர் அவனிடம் சொல்லியிருக்கிறார். அவன் நான் காலியாக விட்ட இடத்திலெல்லாம் டிக் போட்டுவிட்டான். அதே பத்தியில், அதே ஆரஞ்சில். இப்போது நூற்று நாற்பதுக்கும் டிக் இருக்கிறது. அவன் வேறு வேலை கிடைத்து வேறு நாட்டுக்குப் போய்விட்டான். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. மரம் வெட்டுகிறவர்களுக்கு 25ஆம் தேதி உத்தரவு போக வேண்டும். கால் கட்டோடு நான்கு கிலோமீட்டர் மறுபடி நடக்க என்னால் முடியாது.

இரண்டு ஆரஞ்சும் ஒன்றில்லை என்று படுகிறது. சில நேரம் வேறு வேறாகத் தெரிகிறது, சில நேரம் ஒன்றாகத் தெரிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க என் மையும் கைவசம் இல்லை. நீங்கள் கொடுத்த பழைய பாட்டிலை, காலி என்று கழுவிக் குண்டூசி போட்டு வைத்திருக்கிறார்கள். பேனாவையும் கழுவிவிட்டார்கள்.

அந்த மையில் ஒரு கோடு போட்டு அனுப்பினால் போதும். அலுவலகத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

தம்பி


மார்ச் 7

அடிஸ்கேலு,

உன் கடிதம் வந்ததுடா. கவரைப் பார்த்ததும் கரண்ட் பில் என்று நினைத்து இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். அதற்குள் இருந்ததும் பில் மாதிரிதான் இருந்தது. நான் 'நீங்கள்' ஆகிவிட்டேன். 'அன்புள்ள' காணாமல் போய்விட்டது. எப்போதும் ஆரஞ்சில் எழுதுகிறவன், நீல மையில் எழுதியிருக்கிறாய். மருமகள் எட்டிப் பார்த்து, 'அத்தை, கோர்ட்டிலிருந்தா வந்திருக்கு?' என்று கேட்கிறாள்.

முதலில் காலைச் சொல். விபத்து என்றால் என்ன விபத்து? லாரியா, சைக்கிளா, வாழைப்பழத் தோலா? மரத்தின் சுற்றளவைக்கூட அரை அங்குலம் விடாமல் எழுதுகிறவன், சொந்தக் கால் முறிந்ததை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். அக்காவுக்கு எதுவோ வாசனை அடிக்கிறது. இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

இதோடு ஒரு நீளத் தாள் வைத்திருக்கிறேன். எங்கள் பட்டறையில் ஆரஞ்சு என்று சொன்னால் முதலாளியம்மாவுக்குக் கோபம் வரும். ஐந்து இருக்கிறது, ஐந்துக்கும் பெயர் இருக்கிறது. மேலிருந்து கீழே: பழத்தோல், செங்கல், துரு, பழுத்த இலை, தணல். கடைசியில் இருப்பதுதான் உன்னுடையது. ஐந்தையும் நான் ஒரே நிப்பில், ஒரே அழுத்தத்தில் எழுதியிருக்கிறேன், அதனால் நிப்பின் மேல் பழி போடாதே.

சும்மா பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உன் கண் உன்னை ஏமாற்றும். டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தால் பழத்தோலும் தணலும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். காலை பத்து மணிக்கு ஜன்னல் பக்கம் உட்கார். நேர் வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும். கறுப்பு அட்டையில் மிளகு அளவுக்கு இரண்டு துளை போடு. ஒரு துளைக்குக் கீழே என் கோடு, இன்னொன்றுக்குக் கீழே உன் டிக். சுற்றியிருக்கிற வெள்ளைத் தாள் மறைந்துவிட்டால் நிறம் தனியாக நிற்கும், பொய் சொல்ல முடியாது. பத்து பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு நூறு எண்ணு. கண் களைத்துவிட்டால் எல்லாம் ஆரஞ்சுதான்.

எனக்கும் கொஞ்சம் ஆசையாக இருக்கிறது. பதினெட்டு வருடம் பாட்டிலுக்குள் ஊற்றியிருக்கிறேனே தவிர, அது வெளியே போய் என்ன பிழைப்பு பிழைக்கிறது என்று பார்த்ததே இல்லை. மை ஒற்றுகிற தாளை லேசாக நனைத்து, இரண்டு ஜாதி டிக்கிலும் ஒன்றொன்று ஒற்றி அனுப்பு. பதிவேடு கெடாது, லேசாகத் தொட்டால் போதும்.

அக்கா

பின்குறிப்பு: இரண்டு வருடமாக உன்னை ஏணி என்றா கூப்பிடுகிறார்கள்? நான் அன்றோடு மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.


மார்ச் 12

அக்காவுக்கு,

தாள் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே ஜன்னல், அட்டை, துளை. துளை மூன்று மில்லிமீட்டர்.

மூன்று காலை நேரங்களில் நூற்று நாற்பதையும் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், சுவாரசியமாகவே இருந்தது. இருபது வருடம் பார்த்த நிறத்தை இப்போதுதான் பார்ப்பது போல இருந்தது. துருவுக்கும் செங்கல்லுக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளிதான் இருக்கிறது. ஆனால் ஒரு முறை தெரிந்துவிட்டால் பிறகு மறைவதில்லை.

முடிவு: அறுபத்தாறு டிக்குகள் தணலோடு அப்படியே பொருந்துகின்றன. மீதி எழுபத்து நான்கும் இன்னொரு வகை. மங்கலாக, கொஞ்சம் பழுப்பேறி, ஓரம் மட்டும் தடித்து. உங்கள் ஐந்தில் எதோடும் பொருந்தவில்லை. ஆக, தணல் என்னுடையது. மங்கலானது ஏதோ கடையில் அவன் வாங்கிய மை. அறுபத்தாறு மரங்கள் நிற்கும், எழுபத்து நான்கு போகும். உத்தரவைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. 118ஆம் எண் மரம். பேருந்து நிற்கிற இடத்தில் இருக்கிறது. அதன் அடியில் ஒருவர் பெட்டியைப் போட்டுக்கொண்டு பூட்டு ரிப்பேர் செய்கிறார், சாவி செய்து கொடுக்கிறார். கடை, கூரை எல்லாம் அவருக்கு அந்த மரம்தான். அது மங்கல் பட்டியலில் வருகிறது. அதை வெட்டச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் நூற்று நாற்பதில் ஒன்றை எப்படி நினைவு வைத்துக்கொள்வது? நினைவை நம்புவதைவிட மையை நம்புவது மேல்.

கேட்டபடி இரண்டு ஒற்றுத் தாள்கள். 'அ' தணல். 'ஆ' மங்கல், 118இலிருந்து எடுத்தது.

உதவிக்கு நன்றி.

தம்பி

கால் தேறி வருகிறது. விபத்து என்றால் விபத்துதான்.


மார்ச் 16

டேய்,

உடனே தட்டச்சுக்காரரிடம் போய் அந்தத் தாளைப் பிடுங்கு. பிடுங்கிவிட்டு வந்து மீதியைப் படி.

பிடுங்கியாச்சா? சரி.

உன் 'அ'வையும் 'ஆ'வையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை மேசையில் வைத்து, நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். மை தனியாக இருக்கும்போது சாது. தண்ணீரைக் கண்டால் தன் குடும்பத்தையே வெளியே கொட்டிவிடும். முதலில் மஞ்சள் ஓடும். அதன் பின்னால் ரோஸ் மெதுவாக நடக்கும். சாதாரண மைக்கு அவ்வளவுதான். எங்கள் தணலில் மட்டும் முதலாளியம்மா ஒரு சிட்டிகை பழுப்புச் சாயம் போடுவாள். யாருக்கும் சொல்ல மாட்டாள், நான் வாளி கழுவுவதால் எனக்குத் தெரியும். அந்தப் பழுப்பு நகராது. நடுவில் பொட்டு வைத்த மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

'அ'வில் பொட்டு இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

'ஆ'விலும் பொட்டு இருந்ததுடா. 'அ'வைவிடப் பெரிசாக.

கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டேன். அதே பொட்டு. முதலாளியம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, 'ரெண்டும் நம்ம பிள்ளைதான். ஒண்ணு நேத்துப் பிறந்தது, இன்னொண்ணு கிழவன்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி. மூடியைத் திறந்து திறந்து மூடினால் மை சுண்டிப்போகும். ஆரஞ்சு இன்னும் மோசம், மூடியிலும் நிப்பிலும் பொருக்குக் கட்டும். பொருக்கில் ரோஸ் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உன்னை மாதிரிக் கஞ்சன் 'இன்னும் கொஞ்ச நாள் வரட்டும்' என்று தண்ணீர் ஊற்றுவான். மங்கும், பழுப்பேறும், ஓரம் தடிக்கும். நீ எழுதினது வார்த்தைக்கு வார்த்தை அதுதான். அது கடை மை இல்லை. நான் கொடுத்த பழைய பாட்டிலின் அடி மை.

நான் உனக்கு அனுப்பின மாதிரிக் கோடு அன்று காலையில் நிரப்பின புது மை. புதுசு புதுசோடு பொருந்தத்தான் செய்யும். அந்தப் புத்தி எனக்கு முதலிலேயே வந்திருக்க வேண்டும். இதில் பாதித் தப்பு என்னுடையது.

இப்போது கணக்குப் போடு. தணல் வருடத்துக்கு எழுபது பாட்டில்தான் நிரப்புகிறோம். பட்டறை வாசலிலேயே தீர்ந்துவிடும், உன் ஊர்க் கடைக்கு ஒன்றுகூட வராது. உன் ஊருக்குப் போன தணல் மொத்தம் இரண்டு. ஒன்று, நாலு வருடம் முன்னால் நீ இங்கே வந்தபோது கையில் கொடுத்தது. இன்னொன்று, உன் மகள் கல்யாணம் முடிந்த மறு வாரம் நான் பார்சலில் அனுப்பினது. சேர்ந்ததா என்று நீ ஒரு வரி எழுதவில்லை.

பழைய பாட்டில் உன் கையில். அப்படியென்றால் புது பாட்டில் யார் கையில்?

அந்தப் பார்சலை நீ எப்போது பிரித்தாய், பிரித்தாயா, என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் எழுது. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்தாலும் தூரத்தில்தானே இருக்கிறேன். ஆனால் மழுப்பாதே. நீ மழுப்பினால் அந்தச் சாவிக்காரர் தலையில் வெயில் விழும்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்கா,

தாளைப் பிடுங்கிவிட்டேன். நீ சொன்ன வரிசைப்படியே, முதலில் அதைச் செய்துவிட்டுத்தான் மீதியைப் படித்தேன்.

எல்லாவற்றையும் எழுதுகிறேன். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்துக்கொள்.

நீ அனுப்பிய பார்சலை நான் பிரிக்கவில்லை. கல்யாணப் பந்தியில் எங்கள் தலைமை அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்து, 'மரம் பார்க்கிற உங்க ஆளு ஒன்பது வயசுல மரத்துல ஏறிட்டு இறங்கத் தெரியாம அழுதான், நான்தான் ஏணி கொண்டு போய் இறக்கினேன்' என்று நீ சொன்னாய். மறுநாளே நான் ஏணி ஆகிவிட்டேன். 'ஏணி வந்தாச்சா', 'ஏணி டிக் போட்டாச்சா'. மறு வாரம் உன் பார்சல் வந்தது. கண்ணில் படக் கூடாது என்று அலுவலக பீரோவின் உச்சியில் வைத்துவிட்டேன்.

ஆனால் வேறு மை வாங்கவும் மனம் வரவில்லை. பழைய பாட்டிலையே இரண்டு வருடம் ஓட்டினேன். ஆமாம், தண்ணீர் ஊற்றித்தான். 140ஆவது மரத்தோடு அதுவும் தீர்ந்தது. மறுநாள் மாலை எல்லோரும் போன பிறகு, சரி போகட்டும் என்று உன் பார்சலை எடுக்க ஏறினேன். எதில் ஏறினேன் என்று நான் எழுத வேண்டியதில்லை. இரண்டாவது படியில் நழுவியது. விழும்போது கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. உன் பாட்டில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் அலுவலகம் பெருக்குகிற அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

'பாட்டிலா? அது முழுசாத்தான் இருந்துச்சு. உடைஞ்சது உங்க மூக்குக் கண்ணாடி. புதுத் தம்பி ஆரஞ்சு இல்லையேன்னு முழிச்சுக்கிட்டு இருந்தாரு. உங்க நாற்காலி மைதானேன்னு நான்தான் பிரிச்சுக் குடுத்தேன். அவரு போனதும் மிச்சத்தை என் அலமாரியில எடுத்து வச்சிருக்கேன்.'

'பழைய பாட்டில்?'

'அது வெறும் தண்ணியா இருந்துச்சு. கழுவிட்டேன்.'

ஆக, தணல் அவனுடையது, மங்கல் என்னுடையது. எல்லாம் தலைகீழ். ஆனாலும் இந்த முறை மையை மட்டும் நம்பவில்லை. ஆட்டோ பிடித்து 118க்குப் போனேன். இறங்கக்கூட இல்லை, சாவிக்காரரே எழுந்து வந்தார்.

'என்ன சார், கால்ல கட்டு?'

'அதை விடுங்க. இந்த மரத்தைப் பத்தி நான் உங்ககிட்ட அன்னைக்கு ஏதாவது சொன்னேனா?'

'சொன்னீங்களே. நாலு தட்டு தட்டிப் பார்த்துட்டு, இது நம்ம ரெண்டு பேரையும்விட நல்லா இருக்குன்னீங்க. ஏன் சார், இப்ப இல்லையா?'

'இருக்கு. இப்பவும் இருக்கு.'

அங்கிருந்து, தணல் டிக் போட்ட 31ஆம் எண்ணுக்குப் போனேன். அடிமரத்தில் என் கை முழங்கை வரை உள்ளே போயிற்று. அதைத்தான் நான் நிற்க வைக்க இருந்தேன். அதன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாசல்.

மறுநாள் தலைமை அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மையை, டிக்கை, பார்சலை. எதிலிருந்து விழுந்தேன் என்பதையும். 'எதிலிருந்து?' என்று இரண்டாம் முறை கேட்டார். 'ஏணியிலிருந்துதான் சார்' என்றேன். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் பச்சைப் பேனாவை எடுத்து, 25ஆம் தேதி உத்தரவை நிறுத்தி எழுதினார். என்ஜினியரை என்னோடு ஜீப்பில் அனுப்பி, நூற்று நாற்பதையும் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார். இனி இந்த அலுவலகத்தில் வெறும் டிக் கிடையாது. 'நிற்கட்டும்', 'வெட்டலாம்' என்று எழுத்தால் எழுத வேண்டும்.

இன்னொன்று. பாட்டிலைச் சுற்றி ஒரு சீட்டு இருந்ததாம். பெருக்குகிற அம்மா அதைக் குப்பையில் போடாமல் என் இழுப்பறையின் அடித்தாளுக்குக் கீழே வைத்திருந்தார். நீ எழுதி இரண்டு வருடம் கழித்து இன்றுதான் படித்தேன்.

'அடிஸ்கேலு, பந்தியில் பாதிக் கதைதான் சொன்னேன். என் புதுச் செருப்பை விளையாட்டாக மரத்தில் வீசினது நான். அப்பா அடிப்பார் என்று அழுததும் நான். நீ ஏறினது அதற்காக. செருப்பை நீ கீழே போட்டதும் அதை மாட்டிக்கொண்டு நான் வீட்டுக்கு ஓடிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஏணியோடு வந்தேன். இதைச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று விட்டுவிட்டேன். தப்புதான்.'

அக்கா, அந்த ஒரு மணி நேரம் நீ ஏணி தேடிக்கொண்டிருந்தாய் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

இந்தப் பாதியை நான் தலைமை அதிகாரியிடம் சொல்லவில்லை. அது உன்னுடையது.

தம்பி


மார்ச் 24

டேய் தம்பி,

உன் கடிதத்தைப் பட்டறையிலேயே பிரித்தேன். ஆரஞ்சு. முதலாளியம்மா கறுப்பு அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள், 'புதுசா கிழவனான்னு பார்ப்போம்' என்று. வேண்டாம், அது என்ன மை என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

ஏணி தேடவில்லைடா. வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். அம்மா 'தம்பி எங்கே' என்று கேட்ட பிறகுதான் உன் ஞாபகம் வந்தது. அதையும் சீட்டில் எழுதத்தான் நினைத்தேன், இடம் போதவில்லை. இப்போது எழுதிவிட்டேன். இதற்கும் இரண்டு வருடம் பேசாமல் இருக்கப் போகிறாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடு, பஸ் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும்.

ஆமாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திங்கட்கிழமை உன் அலுவலகத்துக்கும் வருகிறேன். உங்கள் பச்சை மைக்காரர் எதிரில் உட்கார்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினதிலிருந்து வயிறு நிரம்பினது வரைக்கும் முழுக் கதையையும் சொல்லப் போகிறேன். உன்னை ஏணி என்று கூப்பிடுகிறவர்கள் அதற்கப்புறம் என்னைச் செருப்பு என்று கூப்பிடட்டும். நான் ஒரு நாள்தானே இருப்பேன், தாங்கிக்கொள்வேன்.

அந்தப் பெருக்குகிற அம்மாவுக்கு ஒரு பாட்டில் கொண்டு வருகிறேன். எழுதுவாளோ மாட்டாளோ, குண்டூசியாவது போட்டு வைக்கட்டும். சாவிக்காரருக்கும் வேலை இருக்கிறது. எங்கள் வீட்டு வாசல் பூட்டுக்கு ஒரே சாவி, நானும் மருமகளும் மூன்று வருடமாக ஒருவரையொருவர் வெளியே நிற்க வைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் மரத்தடியில் உட்கார்ந்து இன்னொன்று செய்து வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன்.

உனக்கும் ஒரு தணல். இந்தத் தடவை என் கையாலேயே உன் மேசையில் வைப்பேன். பீரோ மேல் ஏற்றினாயோ, இறக்க நான் வர மாட்டேன்.

அக்கா